சேரன்மாதேவிக் குருகுலமும் நம் விடுதியும்

நம் சங்கத்தின் சார்பில் பெரம்பலூரில் கல்லூரி மாணவர்க்கென விடுதியொன்று எடுப்பித்தல் வேண்டுமென்னும் எண்ணம் சில ஆண்டுகளாக உலவி வருதலை அன்பர்கள் அறிவர். எறையூரில் கரும்பு நட்டும், சர்க்கரை ஆலையில் உழைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கட்கு அஃது எத்துணைப் பேருதவியாகும் என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. செங்கல் எத்துணை, சிமெண்டு எத்துணை என்னும் கணக்கையும் பொருளாளர் நன்கறிவார். யாம் எடுத்துக்கொண்டது வேறொன்று.

சென்ற செயற்குழுக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து, ‘அவ்விடுதியில் நம்மவரல்லாத மாணவர்க்கும் இடமுண்டோ?’ என்று வினவினார். உண்டு என்றே பலரும் விடையிறுத்தனர். அது நம் சங்கத்திற்குப் பெருமை. ‘உண்டெனில், அவர்களும் நம் பிள்ளைகளும் ஒரே அறையில் உறங்கி, ஒரே பந்தியில் உண்பதற்கு யார் பொறுப்பு?’ என்று அவர் மீண்டும் கேட்டார். அவையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர்ப் பெரியவர் ஒருவர், ‘அதையெல்லாம் காப்பாளர் பார்த்துக்கொள்வார், உட்காரப்பா’ என்றார். அனைவரும் அடுத்த பொருளுக்குச் சென்றனர்.

பெரியவர் தீய எண்ணத்தால் அங்ஙனம் கூறினாரல்லர். ஆயினும் அச்சொல் எம் செவியை விட்டகலவில்லை. ஏனெனில், ஏறக்குறைய நூறாண்டுகட்கு முன்னர்த் தமிழ்நாட்டில் கல்விச்சாலையொன்று, ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒருவர் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றிவைத்த காரணத்தாலேயே குலைந்தது. அதன் வரலாற்றைச் சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்கல்விச்சாலை நெல்லைச் சீமையில் தாமிரபரணிக் கரையில் இருந்தது. அதனை நிறுவியவரோ நம் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தார். திருச்சி வரகனேரியில் 1881-ஆம் ஆண்டு பிறந்த வ. வே. சு. ஐயரே அவர். இவரைத் துப்பாக்கி பிடித்த புரட்சியாளராக அறிவார் சிலர். சிறுகதைக்கு வழிகோலியவராக அறிவார் சிலர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவராகவும் கம்பனில் தோய்ந்தவராகவும் எம்போன்ற தமிழாசிரியர் போற்றுவர். சட்டம் படிக்க இலண்டன் சென்று, ஆங்கே விடுதலைப் புரட்சியாளரோடு கூடி, ஆங்கிலேயர் கையில் அகப்படாது புதுச்சேரி வந்து பல்லாண்டு வாழ்ந்தவர். 1922-ஆம் ஆண்டு கல்லிடைக்குறிச்சியில் அவர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் பின்னர்ச் சேரன்மாதேவிக்குப் பெயர்ந்தது.

ஆங்கிலேயர் பள்ளிகளைத் துறந்து வெளியேறிய பிள்ளைகட்குத் தாய்மொழியிற் கல்வி, உடற்பயிற்சி, கைத்தொழில், நாட்டுப்பற்று ஆகியவற்றை ஒருங்கே அளித்தல் அதன் குறிக்கோள். ‘பாலபாரதி’ என்னும் இதழும் அங்கிருந்து வெளிவந்தது. பொருளுதவி நாடெங்குமிருந்து வந்தது. ஈந்தோருட் பெரும்பாலார் பிராமணரல்லாதார். தமிழ்நாடு காங்கிரசுக் குழு பத்தாயிரம் உரூபாய் தர இசைந்து, அதில் ஐயாயிரத்தைக் கொடுத்தது. அக்காலத்து ஐயாயிரத்தின் மதிப்பை வீட்டிலுள்ள முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இத்துணைச் சிறப்போடு எழுந்த குருகுலத்தில் மாணவர் இருவர் மட்டும் தனித்து உண்டனர். அவர்கள் பிராமணச் சிறுவர். ஏனையோரோடு தம் பிள்ளைகள் உண்ணலாகாது என்று அவர்தம் பெற்றோர் விரும்பினர். அவ்வாறே செய்வதாக அவர்கட்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. இரண்டே இரண்டு இலைகள். அவ்விரண்டு இலைகளைச் சுற்றித்தான் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடே இரண்டுபட்டு நின்றது.

ஈண்டு அன்பர்கள் ஒன்றை உற்று நோக்கல் வேண்டும். வ. வே. சு. ஐயர் சாதிச் செருக்கு உடையவர் என்று அவரை அறிந்த எவரும் எளிதிற் கூறார். அவரை எதிர்த்து எழுந்தோரும் அவர்தம் ஈகத்தை மறுத்தாரல்லர். சேலத்து டாக்டர் பெ. வரதராசுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ இதழில் கடுமையாக எழுதினார், ஈ. வெ. இராமசாமியார் மேடைதோறும் கேட்டார். ‘பொதுமக்கள் பணத்தில் நடைபெறும் தேசியப் பள்ளியில் பிறப்பினால் வேற்றுமை காட்டலாமா?’ என்பதே அவர்கள் வினா. அவ்வினாவிற்கு விடை கூறவேண்டியவர் யார்?

பணம் கொடுத்தோரைக் கேட்டிருந்தால், ‘யாம் நம்பிக் கொடுத்தோம், நடத்துவது ஐயர் பொறுப்பு’ என்றிருப்பர். காங்கிரசுக் குழு பத்தாயிரத்திற்கு இசைந்தபோதே பந்தி எவ்வாறு நடைபெறும் என்று கேட்டு எழுதி வாங்கியிருக்கலாம். அங்ஙனம் முன்னரே ஓர் உறுதி பெற்றிருந்தால் பின்னர்ப் பூசலுக்கே இடமிராது. பெற்றோரோ தாம் பெற்ற வாக்கைப் பற்றிக்கொண்டு நின்றனர். ஐயரோ கொடுத்த வாக்கிற்கும் நாட்டின் குரலுக்கும் இடையே அகப்பட்டார். கொடுத்தோர், குழுவினர், பெற்றோர் ஆகிய மூவரும் ஒருநாளேனும் ஒருங்கே அமர்ந்து, ‘இப்பந்தி நம் அனைவருடையது’ என்று தீர்மானித்திருப்பின், ஐயர் தனியே நின்று அம்புகளை ஏற்கவேண்டியிராது என்பது எம் கருத்து. இதனால் ஐயர்பால் பிழையில்லை என்று யாம் சொல்ல வரவில்லை. அவ்வாக்கை அளித்ததே பிழை. ஆயின், ஒருவர் செய்த பிழையைத் திருத்த வேறொருவர்க்கும் உரிமையில்லாதவாறு அமைந்த அமைப்பு அதனினும் பெரும்பிழை.

1925-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காந்தியடிகள் தமிழ்நாட்டிற்கு வந்தபோது இவ்வழக்கு அவர்முன் சென்றது. அடிகள் ஒரு நடுவழி கூறினார். முன்னரே வாக்களிக்கப்பட்ட அவ்விரு சிறுவர்மட்டும் தனித்து உண்ணட்டும். இனி அத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்த்தலாகாது. வழக்கறிஞர் நோக்கிற் பார்த்தால் இது நேரிய தீர்ப்பே. பந்தியில் அமர்ந்திருக்கும் பத்து வயதுச் சிறுவனின் நோக்கிற் பார்த்தால் எத்தன்மைத்து? தனக்கு மறைவில் இருவர்க்கு இலை விரிக்கப்படுவதை அவன் நாடோறும் காண்கின்றான். ‘அடுத்த ஆண்டு சரியாகிவிடும்’ என்பது அவனுக்கு என்ன ஆறுதல்?

ஏப்ரல் இறுதியில் திருச்சிராப்பள்ளியில் தமிழ்நாடு காங்கிரசுக் குழு கூடிற்று. தேசிய இயக்கத்தைச் சேர்ந்த எந்த அமைப்பிலும் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்னும் தீர்மானத்தை எஸ். இராமநாதன் கொணர்ந்தார். 19 பேர் ஆதரித்தனர். 7 பேர் எதிர்த்தனர். தீர்மானம் நிறைவேறியது. இராசகோபாலாச்சாரியார் முதலானோர் குழுவினின்று விலகினர். ஐயரும் குருகுலத் தலைமையைத் துறந்தார். அதற்குச் சில வாரங்கட்குப் பின் சூன் திங்களில், பாபநாசத்து அருவியில் வழுக்கி விழுந்த தம் மகள் சுபத்திரையைக் காக்கக் குதித்து, மகளோடு தாமும் மாண்டார். அப்போது அவர்க்கு வயது நாற்பத்து நான்கு. இக்கட்டுரையை எழுதும் எம் அகவையும் அதனை ஒட்டியதே. இப்பகுதியை வகுப்பில் சொல்லுந்தோறும் எமக்குக் குரல் தழுதழுக்கும். மாணாக்கர் அதனை அறிந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர்.

அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு ஈ. வெ. இராமசாமியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். பின்னர்த் தமிழ்நாட்டில் நிகழ்ந்த மாறுதல்களெல்லாம் அவ்விரண்டு இலைகளிலிருந்தே கிளைத்தன என்று கூறுதல் மிகையாகும். வைக்கம் போராட்டமும், சட்டமன்றங்களிலும் அலுவல்களிலும் வகுப்புவாரி இடங்கேட்ட வழக்கும் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தன. எனினும், ‘உள்ளே விட்டாயிற்றே, இன்னும் என்ன?’ என்று கேட்போர்க்கு அவ்விலைகள் தக்க விடையாக நின்றன.

இனி நம்போன்ற சாதிச் சங்கத்தார் நடத்திய பள்ளியொன்றைக் காண்போம். விருதுநகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாடார் உறவின்முறையார் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வணிகர் தம் வாணிகத்தில் ஒதுக்கிய மகமைப் பணமும், வீடுதோறும் சமைக்குமுன் பெண்கள் எடுத்துவைத்த பிடியரிசியும் அதனை வளர்த்தன. காமராசர் படித்த பள்ளி அதுவே. கோயிலுக்குள்ளும் தெருவிலும் தம்மைத் தடுத்தோர் பலராயிருந்த காலத்தில், அவ்வுறவின்முறையார் தம் பள்ளி வாயிலைப் பிற வகுப்பார்க்கும் திறந்துவைத்தனர்.

இதனை யாம் எடுத்துக்காட்டுவது புகழ்ந்துரைத்தற்கன்று. அவர்களுக்குள்ளும் குறைகள் இருந்திருக்கும், எக்கூட்டத்தார்க்கு இல்லை? ஆயினும் அப்பிடியரிசியை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் அடுப்பங்கரையிலும் ஒரு பெண் தன் கையால் அரிசியை அள்ளி வேறு கலத்தில் இடுகின்றாள். பள்ளி எங்கோ எவரோ நடத்துவதன்று, தன் பானையிலிருந்து நடப்பது என்பதை அவள் நாடோறும் உணர்கின்றாள். சேரன்மாதேவிக்கு ஐயாயிரம் உரூபாய் ஒருமுறை வந்தது. விருதுநகருக்கு ஒரு பிடி அரிசி நாடோறும் வந்தது. ஐயாயிரம் கொடுத்தவர் வழக்கு வந்தபோதுதான் பள்ளியை நினைத்தனர்.

பள்ளியை விட்டுக் கல்லூரிக்கு வருவோம். முற்காலத்தில் சென்னை மாகாணத்துக் கல்லூரிகளில் யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்பது முதல்வர் ஒருவரின் கையில் இருந்தது. அவர் நல்லவராயின் நன்மை. அன்றேல் விண்ணப்பம் அளித்தவன் ஊர் திரும்பவேண்டியதே. மருத்துவக் கல்லூரியிற் சேர வடமொழி தெரிந்திருத்தல் வேண்டுமென்னும் விதியும் ஒருகாலத்தில் இருந்தது. நாடி பார்ப்பதற்கு வடமொழி எதற்கென்று அன்று கேட்டார் சிலரே. பானகல் அரசர் முதலமைச்சராயிருந்த 1920-களின் முற்பகுதியில் அவ்விதி நீக்கப்பட்டது. கல்லூரிகளில் மாணவர் சேர்க்கைக்குக் குழுக்களும் ஏற்பட்டன. இது சிறிய செய்திபோலத் தோன்றும். முதல்வர் தம் அறையின் தனிமையில் ஆண்டுதோறும் செய்துவந்த தேர்வை, பலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கூறுவதை மற்றவர் கேட்க, காரணம் சொல்லிச் செய்யும்படி ஆயிற்று. ஏழை மாணவனுக்கு நல்ல முதல்வர் ஒருவர் வாய்ப்பதைக் காட்டிலும் அது பெரிய பேறு.

பின்னர் 1947-ஆம் ஆண்டு ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்தபோது வெளியான வகுப்புவாரி ஆணையின்படி, ஒவ்வொரு 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் 1, முசுலிம்களுக்கு 1 என வகுக்கப்பட்டன. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சம்பகம் துரைராசன் வழக்கில் இம்முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. அவ்வாண்டு சூன் திங்களிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, 15-ஆம் பிரிவில் 4-ஆம் உட்பிரிவு சேர்ந்தது. இன்று நம் பிள்ளைகள் கலந்தாய்வுக்குச் சென்று இடம் பெற்று வருவதன் வேர் ஆண்டுள்ளது.

வாயிலைத் திறக்க இத்துணைச் சட்டம் உண்டு. உள்ளே நுழைந்தபின் அவன் எங்கே உறங்குகிறான், யாரோடு உண்கிறான், எந்த விசிப்பலகையில் அமர்கிறான் என்பதற்குச் சட்டத்தின் கை எட்டுதல் அரிது. இதற்குக் கடலுக்கப்பால் நம் மொழி பேசும் யாழ்ப்பாணத்தில் ஒரு சான்றுண்டு. ஆண்டுப் பள்ளிகளில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் நிலத்திலோ தாழ்ந்த பலகையிலோ அமர்த்தப்பட்டனர். அரசின் நிதியுதவி பெறும் பள்ளிகளில் அனைவர்க்கும் சம இருக்கை அளித்தல் வேண்டுமென்று 1930-ஐ ஒட்டி இலங்கைக் கல்வித்துறை பணித்தது. பயன் யாது? சில பள்ளிகள் தீக்கிரையாயின. ஆணையை மீட்டுக்கொள்ளுமாறு ‘உயர்ந்தோர்’ அரசுக்கு விண்ணப்பித்தனர். அங்ஙனமிருந்தும் சம இருக்கையும் சம போசனமும் முற்றிலும் தோற்றுப்போகாமைக்குக் காரணம், 1924-ஆம் ஆண்டு தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசில் இருந்த இளைஞரும் ஆசிரியருமே ஆவர். ஹண்டி பேரின்பநாயகம் போன்றோர் அதனைத் தம் சொந்தப் பொறுப்பாக மேற்கொண்டனர். ஆணை கொழும்பிலிருந்து வரலாம். பிள்ளையின் கையைப் பிடித்துப் பலகையில் அமர்த்துபவர் அவ்வூர் ஆசிரியராயிருத்தல் வேண்டும்.

எம் வாழ்வில் கண்டதொன்றையும் ஈண்டு மறையாது எழுதுகின்றோம். இதனை எழுதலாமா என்று இரு நாள் எண்ணினோம். யாம் தமிழ் கற்ற கல்லூரியின் விடுதியில் காப்பாளர் ஒருவர் இருந்தார். பெயரும் ஊரும் வேண்டா. எச்சாதியார் என்று கடைசிவரை எமக்குத் தெரியாதவாறு நடந்துகொண்ட பெருந்தகை. புதிதாகச் சேரும் மாணவரை எண் வரிசைப்படியே அறைகளில் இருத்துவார். இரவுதோறும் ஒவ்வோர் அறையாரோடும் அமர்ந்து உண்பார். எம் அறையில் நால்வர். நால்வரும் நான்கு வகுப்பார். எமக்கு யாப்பிலக்கணத்தை மனத்தில் பதியவைத்தவர், அவ்வறையில் எமக்கு அடுத்த பாயில் படுத்திருந்த, சேரியிலிருந்து வந்த நண்பரே. விளக்கணைத்த பின்னும் வெண்பாவிற்குத் தளை சொல்லிக்கொண்டிருப்பார்.

இரண்டாமாண்டு நடுவில் காப்பாளர் மாறிச் சென்றார். வந்தவர் கெட்டவரல்லர், கவலையற்றவர். ‘யாருக்கு எங்கே பிடிக்கிறதோ அங்கே இருந்துகொள்ளுங்கள்’ என்றார். ஒரு திங்களுக்குள் அறைகளெல்லாம் ஊர்வாரியாக, பின் சாதிவாரியாகப் பிரிந்தன. உணவுக்கூடத்தில் வடபுறம் ஒரு கூட்டம், தென்புறம் ஒரு கூட்டம். எவரும் எவரையும் வைதாரல்லர், அடித்தாரல்லர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்றோம், அவ்வளவே. யாமும் சென்றோம். நம்மவர் அறையில் இடமிருக்கிறது என்று கூப்பிட்டார்கள், போனோம். அந்நண்பர் கதவருகில் நின்று, ‘யாப்பு நோட்டை எடுத்துக்கிட்டியா?’ என்று மட்டும் கேட்டார். அவர் இன்று யாண்டுளரோ! மறுபடி கண்டால் யாது சொல்வதென்று இன்றும் எமக்குத் தெரியாது.

நல்ல காப்பாளர் ஒருவர் இருந்தவரை நன்றாயிருந்தது என்பதே அவ்விடுதியின் வரலாறு. மாணவராகிய எமக்கு அதிற் பங்கில்லை என்று யாம் எண்ணியிருந்தோம். சமையற்காரர்க்கும் பங்கில்லை, ஆசிரியர்க்கும் பங்கில்லை, பெற்றோர் அப்பக்கம் வந்ததே இல்லை. சேரன்மாதேவியில் ஐயர் தலையில் ஏற்றிய சுமையையே ஈண்டுக் காப்பாளர் தலையில் ஏற்றியிருந்தோம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2012-ஆம் ஆண்டு வகுத்த விதிகளில், ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனமும் சமவாய்ப்புப் பிரிவொன்றை அமைத்து, பாகுபாட்டைத் தடுக்கும் அலுவலர் ஒருவரை அமர்த்துதல் வேண்டுமென்று காணப்பட்டது. நல்ல விதியே. ஆயினும் அலுவலர் ஒருவர் என்றவுடன், ஏனைய பேராசிரியர் அனைவரும் ‘அஃது அவர் வேலை’ என்று கைகழுவிக்கொள்ள இடமாகிறது. 2023 ஆகத்தில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் சிலர் தம்மோடு படித்த மாணவனையும் அவன் தங்கையையும் வீடுபுகுந்து வெட்டிய கொடுமையை அன்பர்கள் மறந்திரார். அதன்பின் தமிழ்நாட்டரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 சூனில் தன் அறிக்கையை அளித்தது. மாணவர் தொகை மிகுந்த பள்ளிகட்கு நல அலுவலர் வேண்டுமென்று கூறியதோடு நில்லாது, எல்லா வகுப்பு மாணவரும் கொண்ட சமூகநீதி மாணவர் படையும் வேண்டுமென்று அக்குழு பரிந்துரைத்தது. பள்ளிப் பெயர்களினின்று சாதிப் பெயர் நீங்கவேண்டுமென்பதும் அதிலுண்டு. அதனைக் கேட்டு நம்மவருட் சிலர் முகம் சுளித்தனர். எமக்கோ மாணவர் கையிலும் பொறுப்பைக் கொடுக்கவேண்டுமென்னும் பகுதியே பெரிதாகப் பட்டது. பெட்டியைத் தூக்கிச் சென்ற நாளில் எம் கையில் அத்தகைய பொறுப்பு ஒன்று இருந்திருப்பின், ஒருவேளை சென்றிருக்க மாட்டோம்.

இவ்வளவும் எழுதியது நம் விடுதியின் விதிகள் இன்னும் எழுதி முடிக்கப்படாமையால். செயலாளர் அன்புகூர்ந்து அவ்வரைவை எமக்குக் காட்டினார். நான்காம் விதியில், ‘விடுதியின் ஒழுங்கு அனைத்திற்கும் காப்பாளரே பொறுப்பாவார்’ என்று ஒரு வரி உண்டு. யாம் அதனை அடித்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தோம்: அறைகள் சேர்க்கை எண்ணின்படியே, பெற்றோர் எவர்க்கும் தனி வாக்கு அளிக்கப்படாது, திங்களுக்கொருமுறை கூடும் குழுவில் காப்பாளர், சங்கத்தார் ஒருவர், நம்மவரல்லாத பெற்றோர் ஒருவர், மாணவர் இருவர், அவ்விருவருள் ஒருவர் வேற்று வகுப்பார், குழுவின் கூட்டக் குறிப்பு இவ்விதழில் வெளியிடப்படும். இறுதியாக, சமையற்காரரும் அக்குழுவில் ஒருவர்.

செயலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துவந்தார். கடைசி வரியில் நிறுத்தி, ‘சமையற்காரருமா, ஐயா?’ என்றார். ‘இலை போடுபவர் அவர்தாமே’ என்றோம். சிரித்துவிட்டுத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தைத்திங்கள் பொதுக்கூட்டத்தில் அதனை எடுத்துப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.